பாருக்கின் மை

எரேமியாவின் வார்த்தைகள் எப்படிப் புத்தகமாயின என்பதை அந்தப் புத்தகத்தின் 36ஆம் அதிகாரமே நமக்குச் சொல்கிறது. தீர்க்கதரிசி தன் வாயினால் சொல்லச் சொல்ல, நேரியாவின் குமாரனாகிய பாருக் அதைச் சுருளில் மையினால் எழுதினான். பிரபுக்கள் அவனை அழைத்து, இந்த வார்த்தைகளையெல்லாம் எப்படி எழுதினாய் என்று விசாரித்தார்கள். அவர் சொன்னார், நான் எழுதினேன் என்பதே அவன் பதிலின் சாரம். யோயாக்கீம் ராஜா அந்தச் சுருளை அறுத்து, குளிர்காய வைத்திருந்த நெருப்பில் எறிந்துவிட்டான். பாருக் சோர்ந்துபோகவில்லை. எரேமியா வேறொரு சுருளை எடுத்துக் கொடுத்துச் சொல்லச் சொல்ல, எல்லாவற்றையும் மறுபடியும் எழுதினான்.

வேதபாட வகுப்பில் இந்த அதிகாரத்தைப் படிக்கும்போது ராஜாவின் துணிகரத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பாருக்கைப் பற்றிப் பேசுவது குறைவு. அவன் பிரசங்கம் செய்யவில்லை, அற்புதம் செய்யவில்லை. இன்னொருவருடைய சொல்லை மாற்றாமல் எழுதினான், அவ்வளவுதான். அந்த ஊழியம் இல்லாதிருந்தால் அந்தச் சொல் நெருப்போடு போயிருக்கும்.

நாம் குடியிருக்கும் இந்த லண்டன் மாநகரில் இன்று நூலகங்களிலும் சமூக மண்டபங்களிலும் இளையோருக்கான இலவசக் கவிதைப் பட்டறைகள் நடக்கின்றன. அவற்றில் சில, ஆட்டிசம், டிஸ்லெக்சியா, ஏ.டி.எச்.டி. போன்றவற்றோடு வாழும் பிள்ளைகளை மனதில் வைத்தே நடத்தப்படுகின்றன. "இந்தப் பிள்ளைகளின் மூளை பழுதானதல்ல, வேறு விதமாக வேலை செய்கிறது, அதைக் கொண்டாடுவோம்" என்பது அவற்றின் எண்ணம். இது நேற்று தோன்றிய நாகரிகம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் பெரும்பகுதி, நம்மில் பலர் வேலைக்குப் போய்வரும் கிழக்கு லண்டன் தெருக்களிலேயே நடந்தது. அதன் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பாருக் நின்றிருக்கிறார். பாருக் இல்லாத இடங்களில் பிள்ளைகளின் சொற்கள் தொலைந்து போயிருக்கின்றன.

பெத்னல் கிரீனில் ஒரு துதிப்பாட்டு

18ஆம் நூற்றாண்டில் கிறிஸ்டோபர் ஸ்மார்ட் என்று ஒரு கவிஞர் இருந்தார். 1722இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்துப் பரிசுகள் வாங்கியவர். இடைவிடாமல் ஜெபம்பண்ண வேண்டும் என்ற அப்போஸ்தலனின் புத்திமதியை எழுத்தின்படியே எடுத்துக்கொண்டு, தெருவிலும் பூங்காவிலும் முழங்காற்படியிட்டு ஜெபிப்பார். போவோர் வருவோரையும் கூப்பிடுவார். 1757இல் அவரை லண்டனில் இருந்த புனித லூக்கா மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஓராண்டுக்குப் பின், குணமாகவில்லை என்று வெளியே அனுப்பினார்கள். பிறகு பெத்னல் கிரீனில் இருந்த தனியார் விடுதி ஒன்றில் 1763 வரை அடைத்து வைத்தார்கள். அக்காலத்துப் பேரறிஞர் சாமுவேல் ஜான்சன், ஸ்மார்ட்டை அடைத்து வைத்திருக்கத் தேவையில்லை என்று எண்ணினார். மற்ற யாரோடு சேர்ந்து ஜெபிப்பதைப் போலவே ஸ்மார்ட்டோடும் சேர்ந்து ஜெபிக்கத் தனக்குச் சம்மதமே என்றும் சொல்லியிருக்கிறார்.

அந்த அடைப்பில் இருந்தபோது ஸ்மார்ட் ஒரு நீண்ட துதிப்பாட்டை எழுதினார். அதன் ஒரு பகுதியில் ஒவ்வொரு வரியும் ஒரே சொல்லில் தொடங்கும். வேதாகம மனிதர் ஒருவர் பெயர் வரும். அவரோடு ஒரு மிருகமோ பறவையோ வந்து கர்த்தரைத் துதிக்கும். தன்னோடு இருந்த ஜெஃப்ரி என்ற பூனை காலையில் எழுந்து சோம்பல் முறிப்பதையும் நகத்தைத் தீட்டுவதையும் தேவ ஆராதனையாகவே அவர் கண்டு, வரி வரியாக அடுக்கினார். அன்றைய வாசகர்கள் பார்த்திருந்தால் இதைப் பிதற்றல் என்றே சொல்லியிருப்பார்கள். ஆனால் யாரும் பார்க்கவில்லை. 1771இல் ஸ்மார்ட் கடனாளிகளுக்கான சிறையில் இறந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி 1939இல்தான் அச்சேறியது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, நார்த்தாம்ப்டன் புனித மத்தேயு ஆலயத்தின் ஆயர் வால்டர் ஹஸ்ஸி, ஆலயத்தின் 50ஆவது ஆண்டு விழாவுக்காக ஒரு பாடல் இயற்றித் தரும்படி பெஞ்சமின் பிரிட்டனைக் கேட்டார். பிரிட்டன் ஸ்மார்ட்டின் வரிகளையே எடுத்து இசையமைத்தார். 1943 முதல் இன்றுவரை ஆலயப் பாடகர் குழுக்கள் அதைப் பாடுகின்றன. பைத்தியக்காரன் என்று பூட்டி வைக்கப்பட்ட ஒருவரின் துதி, ஆலயத்துக்குள் வந்து சேர ஏறக்குறைய 180 ஆண்டுகள் பிடித்தன.

ஸ்மார்ட்டுக்கு இன்றைய மருத்துவப் பெயர் ஒன்றைச் சூட்ட நாம் முயலவில்லை. மருத்துவமனைப் பணியில் இருப்பவர்களுக்குத் தெரியும், பார்க்காத ஒருவருக்கு நோய்ப்பெயர் எழுதக்கூடாது. நாம் கவனிக்க வேண்டியது அந்தக் காலதாமதத்தைத்தான். அவரிடம் காகிதமும் மையும் இருந்தன. படித்தவர் என்பதால் தாமே எழுதிக்கொண்டார். எழுதத் தெரியாத, பணமில்லாத ஒரு பிள்ளை அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

1971ஆம் ஆண்டு

ஸ்மார்ட் இறந்து சரியாக 200 ஆண்டுகளுக்குப் பின், அதே கிழக்கு லண்டனில் பல காரியங்கள் ஒரே ஆண்டில் நடந்தன.

முதலாவது, சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதுவரை சில பிள்ளைகளைக் "கல்வி கற்பிக்க இயலாதவர்கள்" என்று எழுதிவைக்கச் சட்டம் இடம் கொடுத்தது. அப்படி எழுதப்பட்ட பிள்ளை கல்வித்துறையின் பொறுப்பில் இல்லை, சுகாதாரத்துறையின் பொறுப்பில் இருந்தது. பள்ளிக்குப் பதிலாகப் பயிற்சி நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ போனது. 1970இல் இயற்றப்பட்ட ஒரு கல்விச் சட்டம் 1971 ஏப்ரல் 1 முதல் அந்தப் பிரிவை ஒழித்தது. இந்நாட்டில் எந்தப் பிள்ளையையும் பள்ளிக்கு வெளியே நிறுத்த முடியாது என்ற நிலை வந்து இன்னும் ஒரு மனிதனின் ஆயுட்காலம்கூட ஆகவில்லை.

இரண்டாவது, ஒரு சிறுநூல். கிரெனடா நாட்டைச் சேர்ந்த ஆசிரியர் பெர்னார்டு கோர்டு, கரீபியன் குடியேறிகளின் பிள்ளைகள் அளவுக்கு மீறிய எண்ணிக்கையில் "கல்வியில் இயல்புக்குக் குறைந்தவர்கள்" என்று முத்திரை குத்தப்பட்டுத் தனிப் பள்ளிகளுக்கு அனுப்பப்படுவதை 1971இல் வெளிப்படுத்தினார். வீட்டில் பேசும் மொழி வேறு, வளர்ந்த விதம் வேறு. சோதனையோ வெள்ளையர் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஏற்றபடி அமைந்தது. பிள்ளையின் வித்தியாசம் குறைவாகக் கணக்கிடப்பட்டது. குடியேறிகளாகிய நாம் இந்தப் பக்கத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும்.

மூன்றாவது, ஸ்டெப்னியில் ஒரு வேலைநிறுத்தம். சர் ஜான் காஸ் பள்ளியில் கிறிஸ் சர்ல் என்ற இளம் ஆசிரியர் ஆங்கிலம் கற்பித்தார். பிள்ளைகளைத் தங்கள் தெருக்களையும் வீடுகளையும் பற்றிக் கவிதை எழுதச் சொன்னார். எழுத்துப்பிழைக்காக யாரையும் தள்ளவில்லை. "ஸ்டெப்னியின் சொற்கள்" என்ற பொருளில் ஒரு தொகுப்பு உருவானது. பள்ளி நிர்வாகக் குழு அதை அச்சிட வேண்டாம் என்றது. கவிதைகள் இருண்டவையாக, துயரமாக இருக்கின்றன என்பது அவர்களுடைய எண்ணம். சர்ல் வெளியார் உதவியோடு அச்சிட்டார். வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதைக் கேட்ட மாணவர்கள் சுமார் 800 பேர் வகுப்புக்குப் போக மறுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் மறுபடியும் பணியில் சேர்க்கப்பட்டார்.

அந்தப் பள்ளி ஆங்கிலிக்கன் திருச்சபையோடு சேர்ந்த பள்ளி. இதை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. சுருளை நெருப்பில் போட்டவன் புறஜாதி ராஜா அல்ல, தாவீதின் சிங்காசனத்தில் உட்கார்ந்திருந்தவன். தேவனுடைய பெயர் தாங்கிய இடங்களிலும் பிள்ளையின் துயரச் சொல்லைக் கேட்கப் பொறுமையில்லாமல் போவதுண்டு. பிள்ளைகள் எழுதியது எங்கள் தெரு சாம்பல் நிறம், எங்களுக்குத் தனிமையாக இருக்கிறது என்பது போன்றவைதான். சங்கீதப் புத்தகத்தில் அதைவிட இருண்ட விண்ணப்பங்கள் உண்டு.

நான்காவது, ஒரு புத்தகக்கடை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்து வந்த இளைஞர் ஊழியர் க்ளென் தாம்ப்சன் முதலானவர்கள் 1971இல் ஹாக்னியில் சென்டர்பிரைஸ் என்ற இடத்தைத் தொடங்கினார்கள். புத்தகக்கடையும் காபிக்கடையும் கூட்ட அறையும் ஒன்றாக இருந்த இடம் அது. பின்னாட்களில் அங்கே வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வகுப்பும் நடந்தது. கவிதை எழுதுகிறவர்கள் அங்கே கூடினார்கள். கட்டணம் கட்டி உறுப்பினராக வேண்டியதில்லை, தகுதிச் சான்று காட்ட வேண்டியதில்லை.

விவியன் என்ற சிறுவன்

சென்டர்பிரைஸ் தொடக்க காலத்தில் வெளியிட்ட புத்தகங்களில் ஒன்று, 1972இல் வந்த ஒரு மெல்லிய கவிதை நூல். எழுதியவன் விவியன் அஷர்வுட். வயது 12. கரீபியன் குடும்பத்துப் பிள்ளை. ஹாக்னியில் ஒரு பள்ளியில், வாசிப்பில் பின்தங்கியவர்களுக்கென்று ஒதுக்கிய வகுப்பில் இருந்தவன்.

இதைப் பொறுமையாக யோசித்துப் பார்ப்போம். வாசிக்கச் சிரமப்படுகிறான் என்று தனி வகுப்பில் உட்கார வைக்கப்பட்ட சிறுவன், தன் 12ஆம் வயதில் நூலாசிரியன் ஆனான். அந்தப் புத்தகம் ஆயிரக்கணக்கில் விற்றது. லண்டன் பள்ளிகளில் மற்ற பிள்ளைகள் அதை வாசித்தார்கள். தங்களைப் போலவே ஒருவன் எழுதியிருக்கிறான் என்று தெரிந்ததும் அவர்களும் எழுதத் துணிந்தார்கள். விவியன் இளம் வயதிலேயே இறந்துபோனான். அவன் கவிதைகள் மிஞ்சியதற்கு ஒரே காரணம், அவனுடைய நோட்டுப்புத்தகத்தைத் திருத்தும் கண்ணோடு மட்டும் பார்க்காமல் வாசிக்கும் கண்ணோடும் பார்த்த சில பெரியவர்கள் அருகில் இருந்ததுதான்.

1973இல் ஸ்டெப்னிப் பிள்ளைகளில் சிலரும் மற்றவர்களும் சேர்ந்து கேபிள் தெருவில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் கூடி எழுதத் தொடங்கினார்கள். அந்த அறையாலேயே அவர்கள் குழு "நிலவறை எழுத்தாளர்கள்" என்று பெயர் பெற்றது. இப்படிப்பட்ட குழுக்கள் நாடெங்கும் பெருகி, 1976இல் தங்களுக்குள் ஒரு கூட்டமைப்பை அமைத்துக்கொண்டன. இன்றைய இலவசக் கவிதைப் பட்டறைகளுக்கு வழி திறந்தவர்கள் இவர்களே.

முறை எங்கிருந்து வந்தது

கிழக்கு லண்டன் இடத்தைக் கொடுத்தது என்றால், பட்டறைகளில் இன்றும் பயன்படும் முறையில் ஒரு பகுதி அதே காலத்து நியூயார்க்கிலிருந்து வந்தது. அங்கே 1967இல் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்து ஓர் அமைப்பை உருவாக்கி, கவிஞர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 1968இல் கென்னத் கோக் என்ற கவிஞர் மன்ஹாட்டனில் உள்ள 61ஆம் எண் பொதுப்பள்ளியில் சிறுபிள்ளைகளுக்குக் கவிதை சொல்லிக்கொடுக்கப் போனார். எதுகை வேண்டாம் என்றார். எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்றார். ஒரு விதி கொடுத்தார்: ஒவ்வொரு வரியையும் "எனக்கு ஆசை" என்ற பொருள்படும் சொற்களில் தொடங்குங்கள். எல்லாருடைய வரிகளையும் வாங்கி, பெயர் சொல்லாமல் ஒரே கவிதையாக உரக்க வாசித்தார். யார் கெட்டிக்காரன், யார் மந்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த அனுபவத்தை 1970இல் புத்தகமாக எழுதினார்.

பிற்பாடு அவர் நியூயார்க்கில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கும் போனார். அங்கிருந்தவர்களில் பலருக்குப் பேனா பிடிக்க இயலாது. அவர்கள் சொல்லச் சொல்ல, உடன் வந்தவர்கள் எழுதினார்கள். அந்தப் புத்தகம் 1977இல் வந்தது. படுக்கையோரத்தில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு இதன் அருமை புரியும். ஒருவருக்குக் கை நடுங்குகிறது என்பதற்காக அவரிடம் சொல்ல எதுவும் இல்லை என்று ஆகிவிடாது.

ஒரே தொடக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் இந்த முறை நமக்குப் புதிதல்ல. ஸ்மார்ட் செய்ததும் அதுவே. சங்கீதம் 136இல் 26 வசனங்களும் ஒரே வாக்கியத்தில் முடிகின்றன. நம் கீர்த்தனைகளில் பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகள் கேட்ட சொற்றொடரையே திருப்பித் திருப்பிச் சொல்வதுண்டு. அதை அர்த்தமற்ற பழக்கம் என்று கருதி நிறுத்தப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. பேரி பிரைசன்ட் என்ற பேச்சுமொழி ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவரும் 1981இல் வெளியிட்ட ஆய்வு, அப்படித் திருப்பிச் சொல்வதற்குப் பல நோக்கங்கள் உண்டு என்று காட்டியது: பதில் சொல்ல, கேட்க, தன்னை அமைதிப்படுத்த, பேச்சில் தன் முறையை எடுத்துக்கொள்ள. வகுப்பறையில் குற்றமாகக் கருதப்படும் ஒன்று கவிதையின் இயல்பான இலக்கணமாக இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குப் பட்டறை இதமான இடமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சகோதரி எழுதிய தாள்

இந்த வரலாற்றில் நம் இளையோருக்கு மிகவும் தெரிந்த பெயர் பெஞ்சமின் ஸெஃபனையா. அவருடைய கவிதைகளைப் பலர் பள்ளியில் படித்திருப்பீர்கள். 1958இல் பர்மிங்ஹாமில் பிறந்தார். தாய் ஜமைக்காவிலிருந்து வந்த நர்ஸ், தந்தை பார்படோஸிலிருந்து வந்தவர், தபால்துறையில் வேலை செய்தவர். அவர் முதன்முதலாக மக்கள் முன் கவிதை சொன்ன இடம் ஓர் ஆலயம். அப்போது வயது சுமார் பத்து. பள்ளியில் வாசிக்க முடியவில்லை. 13 வயதில் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார். தவறான வழிகளில் போய்ச் சிறையையும் பார்த்தார். 21 வயதில், பெரியவர்களுக்கான வகுப்பு ஒன்றில்தான் தனக்கு டிஸ்லெக்சியா இருப்பதாக முதன்முதலாகக் கேள்விப்பட்டார்.

டிஸ்லெக்சியா அப்போது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. 1896இலேயே பிரிங்கிள் மோர்கன் என்ற மருத்துவர், புத்திசாலியான 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு எழுத்துகளை வாசிக்க முடியாதிருப்பதை இந்நாட்டு மருத்துவ இதழில் விவரித்திருந்தார். ஏறக்குறைய 75 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த அறிவு பர்மிங்ஹாமில் ஒரு கறுப்பினச் சிறுவனின் மேசைக்கு வந்து சேரவில்லை.

ஆனால் ஒன்று வந்து சேர்ந்திருந்தது. பத்து, பதினொரு வயதில் தான் மனதிலேயே கட்டிய கவிதைகளில் சிலவற்றைத் தன் சகோதரி எழுதித் தந்தாள் என்று அவர் பின்னாட்களில் நினைவுகூர்ந்தார். வீட்டுக்குள்ளேயே ஒரு பாருக்! 1980இல் கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டில் இருந்த ஒரு சிறிய கூட்டுறவுப் புத்தக நிலையம் அவருடைய முதல் நூலை வெளியிட்டது. பிற்காலத்தில் புரூனல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஆலயத்தில் தொடங்கிய அவர் ரஸ்தஃபாரி வழியில் போனார். நம்முடைய விசுவாசத்தோடு அவர் எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. என்றாலும் 2023 டிசம்பரில் அவர் இறந்தபோது, பள்ளி கைவிட்ட ஒரு பிள்ளையின் குரலை முதலில் கேட்ட கூட்டம் ஒரு சபை என்பதை நாம் நன்றியோடு நினைக்கலாம்.

பெயர் வந்தது

1991இல் லண்டனில் மனநல மருத்துவமனைகளில் இருந்து மீண்டவர்கள் தங்களுக்கென்று ஒரு கவிதை இயக்கத்தைத் தொடங்கினார்கள். "மீண்டோர் கவிதை" என்ற பொருளில் அதற்குப் பெயர். பட்டறைகளையும் வாசிப்புக் கூட்டங்களையும் நடத்தினார்கள். அதில் ஒரு முக்கியமான மாற்றம் இருந்தது. அதுவரை மருத்துவர்களும் ஆசிரியர்களும் இப்படிப்பட்டவர்களுக்காக நடத்தினார்கள். இப்போது அவர்களே நடத்தினார்கள்.

அதே ஆண்டுகளில் ஆட்டிசம் கொண்டவர்களும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளத் தொடங்கினார்கள். 1993இல் ஜிம் சின்க்ளேர் என்பவர், பிள்ளைக்கு ஆட்டிசம் என்று அறிந்து துக்கப்படும் பெற்றோரைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்ற கருத்தில் ஒரு கட்டுரை எழுதினார். 1998இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜூடி சிங்கர் தன் ஆய்வேட்டிலும், அமெரிக்க எழுத்தாளர் ஹார்வி புளூம் ஒரு மாத இதழிலும் "நியூரோடைவர்சிட்டி" என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். தமிழில் நரம்பியல் பன்மை என்று சொல்லலாம். காட்டில் பல வகை மரங்கள் இருப்பது போல மனித மூளையிலும் பல வகை உண்டு என்பது அதன் பொருள். 1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தை வாசித்து வளர்ந்த நமக்கு இது விளங்காத காரியமல்ல. சரீரம் முழுவதும் கண்ணாக இருந்தால் கேட்பது எப்படி என்று பவுல் அங்கே கேட்கிறார்.

நரம்பியல் பன்மை என்றால் கஷ்டமே இல்லை என்று அர்த்தமல்ல. தூங்காத இரவுகள், சத்தத்தைத் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை, மருத்துவச் சந்திப்புக்காகக் காத்திருக்கும் மாதங்கள், இவையெல்லாம் உண்மை. கவிதைப் பட்டறை சிகிச்சையும் அல்ல. பேச்சுப் பயிற்சிக்கும் மருத்துவ உதவிக்கும் பதிலாக அதை வைக்கக்கூடாது. பட்டறை செய்வது வேறு. அங்கே பிள்ளை நோயாளியாக இல்லை, எழுதுகிறவனாக இருக்கிறான்.

உண்மையுள்ள கை

நல்ல பட்டறைகளில் இந்த வரலாறு எல்லாம் சின்னச் சின்ன ஏற்பாடுகளாகத் தெரியும். என்ன நடக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே படத்தோடு எழுதி அனுப்புவார்கள். அறையில் ஒரு அமைதியான மூலை இருக்கும். எழுந்து நடக்கலாம், கையை அசைக்கலாம், வெளியே போய் வரலாம். வாசிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். பேனாவால் எழுதலாம், தட்டச்சு செய்யலாம், படம் வரையலாம், சொல்லிவிட்டு வேறொருவரை எழுதச் சொல்லலாம். முதல் நாள் முழுவதும் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனாலும் சரி.

எழுதிக்கொடுக்கிறவருக்கு மட்டும் ஒரு கண்டிப்பான விதி உண்டு: சொன்னதை மட்டும் எழுத வேண்டும். இதற்கும் கசப்பான ஒரு பின்னணி இருக்கிறது. 1990களில், பேசாத பிள்ளைகளின் கையைத் தாங்கிப் பிடித்து எழுத்துப் பலகையில் நகர்த்தும் ஒரு முறை வேகமாகப் பரவியது. அழகான வாக்கியங்கள் வந்தன. பெற்றோர் கண்ணீரோடு மகிழ்ந்தார்கள். முறையாகச் சோதித்தபோது, வார்த்தைகள் பிள்ளையிடமிருந்து வரவில்லை, கையைப் பிடித்திருந்தவரிடமிருந்து, அவரும் அறியாமலே, வந்தன என்று தெரிந்தது. அன்பு இருந்தது, ஆனால் பிள்ளையின் சொல் அங்கே இல்லை. பிரபுக்கள் பாருக்கிடம் கேட்ட கேள்வி வீணான கேள்வி அல்ல. இது யாருடைய வாயிலிருந்து வந்தது? ஆகையால் பிள்ளை மூன்றே சொல் சொன்னால் மூன்றே சொல்லை எழுதுவதுதான் மரியாதை. வாக்கியத்தை நாம் முடித்துவைக்கக்கூடாது.

நம் வீடுகளில்

இந்த வரலாறு நமக்கு எதற்கு? நம் சபையிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோர் சிலர் வெளியே சொல்வதில்லை. சொந்தக்காரர் என்ன சொல்வார்கள், நாளை கல்யாணப் பேச்சில் இது வருமா என்ற பயம் நமக்குப் புரிகிறது. வசன ஒப்புவித்தல் போட்டியன்று அந்தப் பிள்ளைக்கு வயிற்றுவலி வந்துவிடுகிறது. ஆராதனை நேரத்தில் அம்மாவோ அப்பாவோ அவனோடு வெளிவராந்தாவில் நிற்கிறார்கள். வந்தவர்கள் தோத்திரம் சொல்லிக் கைகுலுக்கிப் போய்விடுகிறோம்.

அதைவிட ஆழமான ஓர் இழப்பும் உண்டு. பேச்சு தாமதமாகும் பிள்ளையோடு ஒரே மொழியில், அதாவது ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்று புலம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் பல காலமாக ஆலோசனை சொல்லப்பட்டது. நம் வீடுகளிலும் அதைக் கேட்டு நடந்தவர்கள் உண்டு. இரண்டு மொழி கேட்டு வளர்வது ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் அந்த ஆலோசனையால் அம்மம்மாவின் ஜெபமும் தாலாட்டும் அந்தப் பிள்ளைக்கு அந்நியமாகிவிட்டன. அண்ணனும் தங்கையும் தமிழில் சிரிக்கும்போது அவன் மட்டும் மேசைக்கு வெளியே இருக்கிறான். கோர்டு 1971இல் எழுதியது கரீபியன் பிள்ளைகளைப் பற்றி. வீட்டு மொழியையே பிள்ளையின் குறையாக எண்ணும் வழக்கம் வேறு உருவத்தில் நம் வாசலுக்கும் வந்தது.

மோசே தான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் என்று சொன்னபோது, கர்த்தர் அவனை மாற்றியமைத்த பிறகு அனுப்பவில்லை. வாயை உண்டாக்கினவர் யார் என்று கேட்டார். பிறகு ஆரோனைத் துணையாகக் கொடுத்தார். பேச்சு வராதவனுக்கு ஒரு துணை கொடுப்பது தேவனுடைய பழைய வழி.

நம் சபை மண்டபம் சனிக்கிழமை பிற்பகல்களில் பூட்டியே கிடக்கிறது. வாலிபர் சங்கம் மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் அதைத் திறக்கலாம். பென்சில், தாள், தண்ணீர், பிஸ்கட் போதும். கட்டணம் வேண்டாம், பரிசும் வேண்டாம். சபைப் பிள்ளைகள் மட்டும் என்ற கட்டுப்பாடும் வேண்டாம். தமிழ், ஆங்கிலம், இரண்டும் கலந்தது, எதுவானாலும் சரி. "எனக்குப் பிடித்த சத்தம்" என்று ஒவ்வொரு வரியையும் தொடங்கலாம். அம்மம்மாக்களும் வரட்டும், பிள்ளை சொல்லும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் அவர்களிடம் இருக்கும். சிறுவரோடு வேலை செய்வதற்கான சபையின் பாதுகாப்பு விதிகளை வழக்கம்போல் பின்பற்ற வேண்டும்.

கவிஞர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவசரப்படாமல் காத்திருந்து, கேட்டதைக் கேட்டபடியே எழுதத் தெரிந்த நாலைந்து வாலிபர்தான் முதலில் வேண்டும். மனமுள்ளவர்கள் ஆராதனை முடிந்ததும் வாலிபர் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.